சொந்த அண்ணனே தராத சாம்பிள்

மகள் இன்ஜினியர். அவளுடைய டாக்டர் அம்மாவின் ஆராய்ச்சிக்கு மனிதர்களின் கூச்சம்தான் பெரிய தலைவலி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்த்து, குடல் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. அம்மாவின் சொந்த அண்ணனே சாம்பிள் தர மறுத்தார்.

"சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சாடி இது? எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா குடுக்கிறதுக்கென்ன? உன் சொத்தையா கேட்டேன்?"

அம்மா ஒரு மாதம் நச்சரித்து வாங்கினாள். ரத்தம் தெரிந்தது. குடலுக்குள் விட்ட குழாய்க் கேமராவில் மொச்சையளவு புற்றுக்கட்டி. குடல் சுவரைத் தாண்டவில்லை. வெட்டி எடுத்ததும் மாமா பிழைத்துக்கொண்டார்.

போன வாரம் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி, அழுது வீங்கிய கண்களோடு மாமா கேட்டார்:

"அம்பது தாண்டிருச்சில்ல? டெஸ்ட் குடுத்தாச்சா?"

"மாமா, இன்னைக்குமா?" என்றாள் மகள்.

"இவ்வளவு கூட்டம் வேற என்னைக்கும்மா சிக்கும்? உங்கம்மா இருந்தா விட்டிருப்பாளா?"

விட்டிருக்க மாட்டாள். துக்கத்தையும் மீறி மகளுக்குப் பெருமையாக இருந்தது. தெருமுனைக் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே நாளைக் காலையில் தருவதாக ஒப்புக்கொண்டார்.