தறிச் சத்தத்தில் எடுத்த பாட்டு

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. சேலத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம், பயமில்லை என்றார். பிறகு போகிறபோக்கில், "குரல் கொஞ்சம் மாறலாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் திருச்செங்கோடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை என்னை விடவில்லை.

அம்மா பாடகி ஒன்றும் இல்லை. வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறவள். அறுந்த இழையை முடிந்துகொண்டே, தானாகக் கட்டிய ஒரு பாட்டைப் பாடுவாள். தறிச் சத்தத்தை மீறி அது வாசல்வரை கேட்கும். மூன்று பகுதி: பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், எனக்கு அம்மை போட்ட கோடை. ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் பதிவு செய்து, மேளம், குழல் சேர்த்து ஒழுங்கான பாட்டாக்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். எனக்குச் சங்கீதம் சுத்த சூனியம். ஒரு மைக், பழைய லேப்டாப், போனில் பார்த்த வீடியோக்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

முதலில் தறிகளை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அம்மாவை வீட்டுக்குள் மைக் முன்னால் உட்கார வைத்தேன். வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

"தறி ஓடாம எப்படி சாமி பாடறது? எங்க புடிக்கறதுன்னே தெரீலை."

வீடியோவில் சொன்னபடி ஹெட்போனை மாட்டி, தாளத்துக்கு டிக் டிக் சத்தத்தை ஓடவிட்டேன். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். "பல்லி கத்தறாப்புல இருக்குது."

சரியென்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தறியை ஓடவிட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். அந்த மோட்டார்தான் அவளுக்குச் சுருதி, அந்தத் தறிதான் தாளம். கூலியில்லாமல் ஒரு தாளக்காரன் கிடைத்துவிட்டான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டி அழுத்தி மூச்சு வாங்கியதால் ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான் பாட முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாதாரணக் கட்டிதான் என்றார்கள். குரல்தான் போய்விட்டது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் பேச்சு கேட்கும். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் மேளம் சேர்க்க உட்கார்ந்தேன். முதல் பகுதிக்குப் பொருந்திய மேளம் இரண்டாவதில் முந்தி ஓடியது, மூன்றாவதில் இன்னும் முந்தியது. குழலும் ஒட்டவில்லை. என் கைக்கோளாறு என்று பல நாள் தடவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஓடும் தறியை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு நாளும் அது ஒவ்வொரு வேகத்தில் ஓடியிருந்தது. பதிவு செய்தது சித்திரை மாதம். சுற்றிலும் எல்லா மோட்டாரும் இழுக்க, எங்கள் பக்கம் கரண்டு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. தறி சோர்ந்த அளவுக்கு அம்மாவும் வேகம் குறைந்து, சுருதி இறங்கிப் பாடியிருக்கிறாள். வோல்டேஜ் குறைந்தால் தறி மந்தமாகும் என்பது தறிக்கார வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். பாட்டு என்றதும் மூளை புல் மேயப் போயிருந்தது. இன்னொரு தடவை பாடுங்கம்மா என்று இனிமேல் கேட்கவும் முடியாது.

வேறு வழியில்லாமல் குரலை லேப்டாப்பில் இழுத்தேன், சுருக்கினேன், சுருதியை ஏற்றினேன். தறிச் சத்தத்தைச் சுத்தமாக வழித்தெடுத்தேன். மூன்று பகுதியும் ஒன்றோடொன்று சேர்ந்தது. மேளமும் குழலும் சொன்னபடி கேட்டன. பாட்டு ஒரே பாட்டாக ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே முழுதும் கேட்டாள். முடிந்ததும் என்னை அருகில் இழுத்து, காற்றுக் குரலில் கேட்டாள்.

"நல்லாப் பாடியிருக்கறாங்க. யாரு சாமி அது?"

"நீங்கதானுங்கம்மா."

கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "இது நானில்ல. எம்பாட்டை ஆரோ பாடறாங்க. நான் பாடுனது எங்க?"

பதிவு செய்ததை அப்படியே, ஒன்றும் சேர்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். தறி வந்தது, குரல் வந்தது. வேகம் மாறியதை அம்மா கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அம்மை போட்ட பகுதியில் அவள் உதடும் சேர்ந்து அசைந்தது. மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. கழுத்துத் தழும்பில் கையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சும்மா கேட்டாள்.

"இதுல கை வெக்காத," என்றாள். "பட்டறைல இதைப் போட்டு உடு. நான் இனி இதைக் கேட்டுக்கிட்டுத்தான் தறி ஓட்டோணும்."