பலகையில் பழம்பொரி

உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கலைக்கல்லூரியில் நான் கெஸ்ட் லெக்சரராக இருந்தேன். வரப்போகும் நிகழ்ச்சிகளை வாசல் கரும்பலகையில் எழுதுவது அங்கிருந்த பியூனின் வேலை. காதிடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். மீசையிலும் அதன் தூள்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேராக, யாரும் சொல்லாமலேயே, தின்ன என்ன கிடைக்கும் என்றும் எழுதிவிடுவார். ஓசோன் தினம், பிஸ்கட். கவியரங்கம், பாலில்லாத கட்டன்சாயா. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அரங்கத்துக்குப் போவதா, பஸ் பிடிப்பதா என்று முடிவெடுப்பார்கள்.

என் முதல் உரைக்கு நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்.

"அண்ணே, அதை மட்டும் அழிச்சிருங்க. என்னை அடுத்த வருஷமும் வைக்கணுமான்னு பாக்க பிரின்சிபால் வாறாரு," என்றேன்.

"பலகையில நான் கள்ளம் எழுத மாட்டேன் சாரே. பழம்பொரி வாங்கிட்டு வாங்க, உண்டுன்னு எழுதித் தாறேன்."

நேந்திரம்பழ பஜ்ஜிதானே என்று வாங்கினேன். அரங்கம் நிரம்பியது. பிரின்சிபால் மூன்று தின்றார். என் வேலையும் தப்பியது.

அடுத்த உரைக்கு வீம்பாக எதையும் வாங்கவில்லை. பயந்துகொண்டே போய்ப் பலகையைப் பார்த்தேன். 'பலகாரம் இல்லை. ஆனாலும் பேச்சைக் கேட்கலாம்' என்று எழுதியிருந்தார். அதை நம்பிப் பதினோரு பேர் வந்தார்கள். அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

பலகையில் கள்ளம் எழுதாத மனிதர் என்றுதான் இன்றும் அவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.