நாற்பது நிமிடத்துக் குப்பை

எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் அடுத்த ஊர் விமான நிலையத்துக்கும் நடுவே இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். வானத்தில் நாற்பது நிமிடம். டிக்கெட்டில் மட்டும் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருக்கும்.

"மீதி அரை மணி எதுக்குத் தெரியுமா? லேட்டா கிளம்பிட்டு, சீக்கிரம் வந்துட்டோம்னு மைக்ல பீத்திக்க" என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருடமாக அந்த விமானத்தின் உள்ளே பெருக்கித் துடைப்பவர். இதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, பெட்டி ஏற்றுகிற ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாப்பது நிமிஷம்'.

அவருக்கு வீட்டிலிருந்து இங்கே வர இருபது கிலோமீட்டர்தான். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம். வீட்டுக்காரர் கைகழுவிவிட்டுப் போன பிறகு இந்த வேலையை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்கவைக்கிறார். இது கடைசி வருடம்.

ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் எங்களுக்கு எட்டு நிமிடம், எழுபது இருக்கை. நாற்பது நிமிடத்தில் மனிதர்கள் இவ்வளவு அசிங்கம் பண்ணுவார்களா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வெட்டிப்போட்ட நகம், மென்று ஒட்டிய பபிள்கம், குழந்தையின் மலத்துணி. வாந்திப் பையை மடித்து, அடுத்தவர் கை விடும் இடத்தில் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்கா அதை இரண்டு விரலால் எடுத்து, "பெரிய படிப்பு படிச்ச கை மடிச்சது" என்பார்.

அன்று ஏழே நிமிடத்தில் முடித்துவிட்டோம். விமானம் கிளம்பியதோ இருபது நிமிடம் தாமதமாக. பைலட் படிக்கட்டுக்குக் கீழே நின்று போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் குப்பைப் பையோடு இறங்கும்போது பார்த்தேன்.

தாமதம் என்றால் ஏதாவது ஒரு பிரிவின் மேல் புகார்த் தாள் எழுதியாக வேண்டும். பைலட் மேல் எழுத யாருக்குத் துணிச்சல்? எங்கள் மேல் எழுதினால் கேட்க நாதியில்லை. மூன்று தாள் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு.

சூப்பர்வைசர் பல்லைக் குத்திக்கொண்டே தாளை நீட்டினார். "ஒரு கையெழுத்து போடுங்கக்கா."

"என்ன சார் எழுதியிருக்கு?"

"கிளீனிங் லேட்டுன்னு. இருபது நிமிஷம்தானே, போறதுக்குள்ள வானத்துலயே சரியாயிடும்."

"வானத்துல சரியாவுற லேட்டுக்குத் தரையில எதுக்கு சார் என் வேலை போகணும்?"

குத்தி எடுத்ததை மேசை விளிம்பில் தடவிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "நீ போடும்மா. கூட இருந்தவங்க யார் போட்டாலும் செல்லும். நீதான் வாயே திறக்காத பொண்ணாச்சே."

பேனாவை வாங்கினேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். 'சுத்தம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. பைலட் கீழே போன் பேசினார். நான் பார்த்தேன்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் முகம் வெளிறியது. அது நம்பர் போட்ட தாள். கிழித்துப்போட முடியாது, மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

"என்ன காரியம் பண்ணிட்ட நீ" என்றார்.

மேலே யாரும் பைலட்டைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தாள் அக்கா கணக்கில் சேரவில்லை. மறுநாளிலிருந்து விமானத்தின் கழிவறை என் ஒருத்தி பொறுப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு கழுவுகிறேன். அந்த மேசைக்கு முன்னால் நின்றதற்கு இந்த நாற்றம் எவ்வளவோ தேவலை.