சுகுணாவும் சிக்கிய சாவியும்

சுகுணா இப்போது எங்கள் வேன் டிரைவர். அதற்கு முன்னால் அவளும் எங்களைப் போல வேனில் பின்னால் உட்கார்ந்து போனவள்தான். பர்கூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பதினான்கு பெண்கள் ஒரே ஸ்டாப்பில் கூடி, போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறோம். நான் செல்லி, வயதில் கொஞ்சம் மூத்தவள். அதனால் எல்லோருக்கும் செல்லிக்கா. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் எங்களை ஏற்றிப்போனவன் ஆஞ்சப்பன். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். ஒருநாள் கிரானைட் லாரியின் பின்பக்கத்தில் மோத இருந்தோம். மயிரிழையில் தப்பினோம். சுகுணா எழுந்து, "வண்டிய ஓரங்கட்டுண்ணா" என்றாள். ஓரங்கட்டினான். இவள் இறங்கிப்போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருண்ணா. நீ போன நல்லா பாரு, நான் ஓட்டறன்."

அப்பா நிலத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். கையில் லைசென்ஸும் இருந்தது. அன்றைக்குக் கம்பெனி கேட் வரை அவள்தான் ஓட்டினாள். அடுத்த வருஷம் பழைய வேன் ஒன்றை வாங்கி, எங்கள் ரூட்டையே பிடித்துவிட்டாள். எங்கள் வீடுகளில் அன்றிலிருந்துதான் பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்கள் என்பேன்.

ஊர் சும்மா இருக்குமா? வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அவள் புருஷன் திருமலையைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா திருமல, டிரைவரம்மா கிளம்பியாச்சா?" என்பார்கள். திருமலை மாடு, மாந்தோப்பு என்று இருக்கிற மனுஷன். ஹைவே என்றால் அவருக்கு நடுக்கம். சைக்கிளைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டார். யாருக்கும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வேனுக்குப் பூசை மட்டும் தவறாமல் போடுவார். பெண்டாட்டியை ரோட்டுக்கு அனுப்புகிற பயத்தை அப்படித்தான் தீர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில், போன மாசம் சாவி மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில், போட்ட சாவி வெளியே வரவில்லை. ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் ஆட்டினால் வந்தது. பிறகு உள்ளே போன சாவி திரும்பவே மாட்டேன் என்றது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னோம். மாதேஸ்வரி பையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து ஊற்றினாள். இன்னொருத்தி மறுநாள் விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். எண்ணெய் ஊற்ற ஊற்ற இறுக்கம் கூடியது.

ஒருநாள் காலையில் சாவி வெகுநேரம் திரும்பவே இல்லை. ஒருவழியாக அது திரும்பி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. பதினான்கு பேருக்கும் லேட். வண்டிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அசோக்குமார் கேட்டில் நின்றிருந்தார். ஆஞ்சப்பன் அவருக்கு மச்சான் முறை.

"இன்னொரு தபா இப்படி ஆனா ரூட்டு ஆஞ்சப்பனுக்குத்தான்" என்றார்.

கம்பெனிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். சுகுணாவுக்குப் பிழைப்பு போகும். எங்களுக்கோ, மறுபடியும் அந்த ஆஞ்சப்பன், அந்தப் போன், அந்த கிரானைட் லாரிகள்.

பர்கூரில் மெக்கானிக் வெங்கடப்பன் சாவியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "லாக் செட்டு தேஞ்சிடுச்சும்மா. புதுசு பெங்களூர்ல இருந்து வரணும். மூணு நாள் வண்டிய வுட்டுட்டுப் போ."

"மூணு நாள் வுட்டா ரூட்டே போயிடும்ணா. ஆஞ்சப்பனுக்கு இடம் குடுத்தா மடத்தப் புடுங்கிடுவான்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க இருட்டிலேயே எழுந்து சாவியோடு மல்லுக்கட்டினாள். வழியில் எங்கும் இஞ்சினை அணைக்கவில்லை. அசோக்குமாரும் கேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. டார்ச் அடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். ஸ்டியரிங்கை ஆட்டி ஆட்டிச் சாவியை உருவினாள். பள்ளமான இடமெல்லாம் ஏதோ பழுப்பாக அப்பியிருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டி, மூக்கருகில் கொண்டுபோனாள்.

"செல்லிக்கா, மோந்து பாரு."

எண்ணெய்ச் சிக்கு அடிக்கும் என்று நினைத்து மூக்கைச் சுளித்துக்கொண்டு மோந்தேன். "இன்னா சுகுணா, கோயில் வாசன வருது."

அந்த நேரத்தில்தான் திருமலை தட்டோடு வந்தார். அன்றைக்கு அமாவாசை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. குளித்து, நெற்றி நிறைய விபூதி. எங்களைத் தொந்தரவு செய்யாமல் கண்ணாடிக்குப் பொட்டு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார். பிறகு சந்தனத்தில் விரலை நன்றாகத் தோய்த்து, சுகுணாவின் தோளுக்கு மேலே கையை நீட்டி, சாவி போடுகிற துளையின் மேலேயே அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம்.

நான் டார்ச்சை அந்தப் பொட்டின்மேல் திருப்பினேன்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் சுகுணா.

"பொட்டு வெக்கறன்."

"அங்கயா?"

"வண்டிக்கு உசுரே அங்கதான இருக்குது."

"எவ்ளோ நாளா?"

"நீ வண்டி வாங்கன நாள்ல இருந்து. நீ கிளம்பறதுக்கு முன்னாடி இருட்டுலயே வெச்சுடுவன்."

சுகுணாவின் கோபம் ஊரறிந்தது. செத்தார் மனுஷன் என்று நினைத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நெற்றி அழுத்தி ஹாரன் அடித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன்.

திருமலைக்கு மெல்லத்தான் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. "என்னாலதான் கெட்டுதா?"

"கெட்டா சரி பண்ணிக்கலாம்" என்றாள் சுகுணா. "இத்தன வருசம் ஒரு கீறல் இல்லாம ஊடு வந்து சேர்றன். அது சும்மாவா? தட்ட வெச்சுட்டு சைக்கிள் பம்ப எடுத்தாங்க."

எனக்கு அவளை அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்திருந்தது.

வெங்கடப்பனுக்குப் போன் போட்டாள். அவர் அங்கே சிரித்த சிரிப்பு எனக்கு இங்கே கேட்டது. தேய்மானம் என்று நினைத்தது தன் தப்புதான் என்றார். அழுக்கைக் கரைக்கும் ஸ்ப்ரே கடையில் இருக்கிறது, ஆள் அனுப்பு, இனி எண்ணெய் மட்டும் ஊற்றாதே என்றார். யாரை அனுப்புவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் திருமலை சைக்கிளை எடுத்துவிட்டார். பர்கூருக்கு ஹைவேயில்தான் போகவேண்டும். சுகுணா வாசலுக்கு வந்து அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் அவர் நிற்கிற இடம் அது.

வேர்த்து வழிய வந்து சேர்ந்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினோம். துளைக்குள் ஸ்ப்ரே அடிப்பது, சாவியை விட்டு எடுப்பது, துணியில் துடைப்பது. முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு இரண்டு எண்ணெயும் சேர்ந்த கருஞ்சேறு. திருமலை பம்ப்பால் காற்று அடித்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது. துடைத்த துணி வெள்ளையாகவே வந்தபிறகு உள்ளே நன்றாகக் காயவிட்டோம். வெங்கடப்பன் சொன்னபடி பென்சில் கரியைப் பொடி செய்து சாவியில் தடவிப் போட்டாள். வயரை மாட்டிவிட்டுத் திருப்பினாள்.

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அணைத்தாள். சாவி கையோடு வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி எடுத்தாள். போதும் என்று நான் சொல்லும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் ஸ்டாப்பில் ஆஞ்சப்பனின் வேன் முன்கூட்டியே வந்து நின்றிருந்தது. "சுகுணா வண்டி வராது, ஏறுங்க. அசோக்குமார் சார் சொல்லிட்டாரு" என்றான். கையில் போன் இருந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. நேரம் ஓடியது. வளைவில் சுகுணாவின் லைட் தெரிந்ததும் பதினான்கு பேரும் ரோட்டுக்கே போய்விட்டோம்.

நேரத்துக்குக் கேட்டுக்குப் போய்விட்டோம். எங்கள் பின்னாலேயே ஆஞ்சப்பன் காலி வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். அசோக்குமார் நெருங்கிவந்து, "இன்னிக்கு ஓடுச்சு, நாளைக்கு? இஞ்சின அணைக்கவே பயப்படற வண்டிய எப்படி நம்பறது?" என்றார்.

சுகுணா இஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி, இறங்கிவந்து அவர் கையில் வைத்தாள். "நீங்களே போட்டுப் பாருங்க சார்."

நாங்கள் உள்ளே போகாமல் சுற்றி நின்றோம். அவரால் மறுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். கிளம்பியது. அணைத்தார், எடுத்தார், மறுபடி போட்டார். மறுபடியும் கிளம்பியது. இறங்கும்போது குரல் பாதியாகிவிட்டது.

"யாரு சரி பண்ணது?"

"எங்க ஊட்டுக்காரர்" என்றாள் சுகுணா, ஆஞ்சப்பனுக்கும் கேட்கும்படி. "ஹைவேல சைக்கிள் மிதிச்சுப் போய் மருந்து வாங்கியாந்தாரு."

"சரி சரி, நாளைக்கும் நேரத்துக்கு வந்துடுங்க."

நான் விடவில்லை. "எந்த வண்டில சார்?"

அவர் ஆஞ்சப்பனைப் பார்த்தார், எங்கள் பதினான்கு பேரையும் பார்த்தார்.

"இதே வண்டிலதாம்மா" என்றார். அவர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம்.