மைக் அண்ணன் போட்ட கையெழுத்து

சபையில் அவருக்கு மைக் அண்ணன் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மிக்சர், கழுத்தில் ஹெட்போன். யார் ஜெபிக்க எழுந்தாலும், அவர்கள் தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் இவர் விரல் சரியான இடத்துக்குப் போயிருக்கும். அழுது ஜெபிக்கிறவர்களுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார், முணுமுணுக்கிறவர்களுக்குக் கூட்டுவார். ஊரே கண்ணை மூடியிருக்கும்போது இவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய வேலை. அந்தச் சலுகை அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. மைக்கைச் சரி செய்கிறவரை யார் மைக் முன்னால் கூப்பிடப்போகிறார்கள்? யாரும் அவரை ஜெபிக்கச் சொல்லவில்லை, அவரும் ஜெபிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இதைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான்.

அவள் அவருடைய மனைவி. சபைக்கு அவள் டீச்சர். முன்வரிசையில் நின்று பாட்டைத் தொடங்கிவைப்பவள் அவள்தான். மற்ற நாட்களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடியே எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். வீட்டிலும் ஜெபம் அவள் பொறுப்பு. அவள் கண்ணை மூடுவாள், இவர் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு ஒரு ஆள் ஜெபித்தால் போதாதா என்பது அவருடைய கணக்கு.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சாதாரணக் கட்டி என்று இரண்டு மாதம் மெத்தனமாக இருந்துவிட்டார்கள். பரிசோதனையில் புற்று என்று வந்தது. தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பியை எடுத்தே ஆகவேண்டும் என்றார் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா. குரலுக்கான நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அந்த 'முடிந்தவரை' இருவருக்கும் தூக்கத்தைக் கெடுத்தது.

அறுவை சிகிச்சை அன்று காலை, பச்சை அங்கியும் தலையில் ஒரு துணித் தொப்பியுமாக அவள் திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நிமிஷத்துல கூப்பிட்டுடுவாங்க. ஜெபம் பண்ணுங்க."

"போதகர்தான் காலையிலேயே போன்ல பண்ணிட்டாரே."

"அவர் பண்ணினார். இப்ப நீங்க பண்ணுங்க."

மைக் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. கை தானாகப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. சபையில் நடந்த எல்லா ஜெபத்தையும் அவர் பதிவு செய்து வைத்திருக்கிறார். தேதி வாரியாக, காரியம் வாரியாக, இரைச்சல் நீக்கி. திருமணம், பயணம், வேலை, ஆபரேஷன். 'ஆபரேஷன்' என்று போட்டிருந்ததைத் தட்டினார். போதகரின் குரல் கணீரென்று வந்தது. அந்த நேரத்திலும் பதிவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை என்னவென்று சொல்ல!

"...இந்த வேளையிலே உம்முடைய தாசனின் இடது சிறுநீரகத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்..."

அவள் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ, இது யாரோட கிட்னி?"

"நம்ம சபை மூப்பரோடது. அவசரத்துல பார்க்காம போட்டுட்டேன்."

சிரிப்பு நடுவழியில் நின்றது. "மூப்பர் கிட்னிக்கு ஆள் இருக்கு. என் தொண்டைக்கு யாருங்க இருக்கா?"

அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். அதற்குள் நர்ஸ் திரையை விலக்கிவிட்டார். கட்டில் நகர ஆரம்பித்ததும் அவள் தலையைத் திருப்பி, "என் குரலைக் கேளுங்க ஆண்டவர்கிட்ட. அது இல்லாம அந்தப் பிள்ளைங்க முன்னாடி என்னால நிக்க முடியாது. நீங்களே கேளுங்க, வேற யாரையும் கேக்கச் சொல்லாதீங்க" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. அவர் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தார். 'அன்பின் பரலோகப் பிதாவே' என்று தொடங்கியதும் அது போதகரின் ராகத்தில் வந்தது. மாற்றித் தொடங்கினார், மூப்பரின் இழுவை வந்தது. இன்னொரு தரம் தொடங்கினால் அவளுடைய வார்த்தைகளே வந்தன. நூறு பேருடைய ஜெபம் அவருக்கு மனப்பாடம், அதில் சொந்தமாக ஒரு வரி இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது, கையில் ஒரு படிவம். சீக்கிரமே வந்துவிட்டாரே என்று மைக் அண்ணன் எழுந்துவிட்டார்.

"இன்னும் முடியல. கட்டி ஒரு பக்கத்து நரம்போட நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு. நரம்பை விட்டுட்டு எடுத்தா கொஞ்சம் மிச்சம் தங்கிடும். மருந்துல கரையலாம், கரையாமலும் போகலாம். அது மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிட்டா அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. நரம்போட சேர்த்து எடுத்தா சுத்தமா எடுத்துடலாம். ஆனா குரல் பழைய மாதிரி வராது. காத்து மாதிரிதான் வரும். பாட முடியாது."

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க டாக்டர்."

"இங்க ரெண்டுமே தப்பில்ல. அவங்க மயக்கத்துல இருக்காங்க, அவங்களுக்கு எது பெரிசுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல அவங்களை அப்படியே வெச்சிருக்க முடியாது."

அவளுக்கு எது பெரிசு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டிலில் போகும்போதே சொல்லிவிட்டுத்தானே போனாள்! போதகருக்குப் போன் அடித்தார். விஷயத்தைக் கேட்டதும் நல்ல மனுஷன் பதறிப்போனார்.

"நான் ஜெபிக்கிறேன் அண்ணே. கர்த்தர் உங்களுக்கு ஒரு வார்த்தை குடுப்பார். உள்ள ஒரு சமாதானம் வரும் பாருங்க."

"அஞ்சு நிமிஷத்துல வருமா?"

போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். மைக் அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டார். அழகான ஜெபம்தான். பிறகு அழைப்பைத் துண்டித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருடைய ஜெபத்தை அவர் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டாக்டரம்மாவுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் வாய்விட்டே பேசினார்.

"ஆண்டவரே, நான்தான். கடைசி வரிசை. உங்களைப் பத்தி நிறையக் கேட்டிருக்கேன், உங்ககிட்டப் பேசினதில்ல. அவ குரலைக் கேக்கச் சொன்னா. நான் உயிரைக் கேக்கறேன். ரெண்டையும் குடுக்க முடிஞ்சா குடுங்க. எதைச் செய்யறதுன்னு ஏதாவது சொல்லுங்களேன்."

நின்றார். தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம். வேறு எதுவும் கேட்கவில்லை. காது விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வார்த்தை வரவில்லை, சமாதானமும் வரவில்லை.

"சரி. நீங்க இங்க இருக்கீங்கன்னு நம்பிப் போடறேன். நான் செய்யறது தப்பா இருந்தாலும் எங்களை விட்டுடாதீங்க."

திரும்பி, படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அது கோணல்மாணலாக வந்தது. "நரம்போட எடுத்துடுங்க டாக்டர்" என்று சொன்ன பிறகுதான் நாற்காலியைத் தேடினார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அவளுக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கட்டு. டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைமாட்டில் போதகர் நின்றிருந்தார், கால்மாட்டில் இவர். அவள் யாரையும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்றார் போதகர் மெதுவாக. "அவர்தான் அண்ணனோட கையைப் பிடிச்சு கையெழுத்துப் போட வெச்சிருக்கார்."

அவள் கண்கள் கூரையை விட்டு இறங்கிக் கணவன்மேல் நின்றன. அப்படியா என்று கேட்கிற பார்வை. மைக் அண்ணன் செய்யவேண்டியதெல்லாம் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். பிறகு ஆயுசு முழுக்க அவரைக் கேட்க ஆளில்லை. ஆண்டவர் செய்ததை யார் கேட்பது? தலை கொஞ்சம் அசையக்கூடத் தொடங்கியது.

"இல்லைங்க போதகரே" என்றார். "அவர் கையைப் பிடிக்கல. ஒண்ணும் சொல்லவும் இல்ல, எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். நான்தான் போட்டேன். கூட இருப்பார்னு நம்பித்தான் போட்டேன், அதுக்காக அவர் தலையில கட்ட முடியுமா?"

அவள் மருந்துச் சீட்டைத் திருப்பி, பென்சிலால் எழுதி நீட்டினாள். 'என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.'

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் சீட்டைப் பிடுங்கினாள். இன்னும் ஏதோ எழுதப் போய், அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது, சத்தம் இல்லை. போதகர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

மைக் அண்ணன் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளிடம் பேச முடியாததால் மற்றவரிடம் பேசினார்.

"ஆண்டவரே, இவ என்மேல கோபமா இருக்கா. நியாயம்தான். நீங்க செய்யச் சொன்னீங்கன்னு பொய் சொல்லித் தப்பிச்சுடலாம்னு பார்த்தேன். முடியல. இவ நாளைக்கு அந்தப் பிள்ளைங்க முன்னாடி எப்படி நிப்பான்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு. இவ பேசலைன்னாலும் நான் இங்கதான் இருப்பேன். நீங்களும் இருங்க."

பிறகு போர்வைக்குள்ளிருந்து, கதவிடுக்கில் புகும் காற்றைப் போல ஒரு ஒலி வந்தது. பேசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தும் அவள் பேசினாள்.

"ஆமென்."

முகம் மட்டும் இன்னும் சுவர்ப் பக்கம்தான் இருந்தது.