முதல் இலை யாருக்கு

சிவகாசியில் காலண்டர் சீசன். எங்கள் அச்சகத்தில் தினசரித் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கும் வேலை என்னுடையது. அதற்கான நிரல்களை எழுதிய நண்பன் சென்னைக்குப் போனபின், அந்த அறையில் நான் மட்டும்தான்.

அந்த நிரல்களை ஓட்டும் பைதான் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியிருந்தேன். ஆனாலும் ‘பைதான்’ என்று கட்டளை கொடுத்தால் பழையதுதான் வந்து நின்றது. அதனால் ஏதாவது ஒரு நிரல் மக்கர் செய்யும்போதெல்லாம் நண்பனை போனில் அழைப்பேன். திருத்தியபடியே ஊர்க்கதையும் பேசுவோம்.

ஒருநாள் அவன் சிரித்தான். “ஏலே, வீட்டுல ரெண்டு மாப்பிள்ளை இருந்தா மூத்தவருக்குத்தான் முதல் இலை. இளையவருக்குப் போடணும்னா நீதாம்லே சொல்லணும். நான் அனுப்புற கட்டளையைக் கொடு. எந்தப் பதிப்பு வேணும்னு ஒரு பட்டியல் கேக்கும், புதுசோட நம்பரைத் தட்டு. இனி என்னையக் கூப்பிடவே வேண்டாம்.”

தட்டினேன். அதன்பின் எந்த ஆர்டரும் நிற்கவில்லை. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த வாரம் அவன் ஊரான ஆமத்தூரில் நல்ல மழை. அதைச் சொல்ல போனை எடுத்தேன். அவன் சென்னைக்குப் போனபின் வேலை விஷயம் இல்லாமல் நாங்கள் பேசியதே இல்லையே என்று தோன்றியது. போனை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த ஆர்டரை ஓட்டினேன். அது ஒரு குறையுமில்லாமல் ஓடியது.