துருப்பிடித்த நிலையில் காணப்பட்டது

சார் இறந்த மறுமாதம் எங்கள் துறைச் செய்திமடலில் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். ‘முப்பத்தோரு ஆண்டுகள் ரயில்வே உலோக ஆய்வகத்தில் அப்பழுக்கற்ற பணி.’ அப்பழுக்கற்றதாம்! எழுதின ஆளுக்கு சாரை முன்னே பின்னே தெரியாது. பதினாலு வருஷம் அவருக்குக் கீழே லேப் அசிஸ்டென்டாக இருந்தவள் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை இதுதான். ரயிலிலும் பாதையிலும் எது உடைந்தாலும் சாக்கில் சுற்றி எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். சக்கரம், அச்சு, ஸ்பிரிங், போல்ட், தண்டவாளத் துண்டு. ஏன் உடைந்தது என்று சார் சொல்ல வேண்டும். உடைந்த இடத்தை ‘முகம்’ என்பார். ஆள் முகத்தைப் பார்த்து மனசைச் சொல்கிற மாதிரி, அதைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். பளபளப்பு எங்கே, சொரசொரப்பு எங்கே, விரிசல் எந்த மூலையில் பிறந்தது, எத்தனை மாதம் வளர்ந்தது, எல்லாம் அதில் இருக்குமாம். சாமானைக் கொண்டுவருகிற ஒவ்வொரு புண்ணியவானும் முதல் வேலையாக இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துப் பார்ப்பான், சரியாகப் பொருந்துகிறதா என்று. முகத்தில் இருக்கிற அடையாளமெல்லாம் தேய்ந்து போகும். சார் அப்போதுகூடக் கத்த மாட்டார். “சேர்த்து வைக்காதீங்கய்யா, இனிமே அது சேரப் போறதில்ல” என்பார். கோபமே வராத மனிதருக்கு லேபில் ‘துருவாசர்’ என்று பெயர். துருவோடு வசிப்பவராம். வைத்தது நான்தான்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். “வீட்டுல டம்ளர் உடைஞ்சா மத்தவங்க துடைப்பத்தைத் தேடுவாங்க. இவர் பூதக்கண்ணாடியைத் தேடுவார். உடைஞ்ச இடத்தைப் பார்த்துட்டு, ‘இது இன்னைக்கு விழுந்ததால உடையல, போன மாசமே கீறியிருக்கு’ம்பார். போன மாசம் யார் பாத்திரம் தேய்ச்சாங்கன்னு ஒரு விசாரணை வேற!”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலை பாசஞ்சர் வண்டி தடம் புரண்டது. ஒன்பது பேர் போனார்கள். உடைந்த தண்டவாளத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு சனிக்கிழமை மத்தியானம் லேபுக்கு வந்தது. எங்களுக்கு சனிக்கிழமை அரை நாள்தான். சார் சாக்கைப் பிரித்து, லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. தலைப் பகுதிக்கு உள்ள, அவரைக்கொட்டை மாதிரி ஒரு திட்டு. தெரியுதா?”

தெரிந்தது. வெள்ளிபோல மின்னியது, அதைச் சுற்றி வளையம் வளையமாக.

“உருக்கும்போதே உள்ள ஹைட்ரஜன் மாட்டியிருக்கு. அங்கிருந்து விரிசல் கிளம்பி, வண்டி போகப் போக வளர்ந்திருக்கு. ஆனா வெளிய எட்டிப் பார்க்கவே இல்ல. எட்டிப் பார்த்திருந்தா காத்து புகுந்து கறுத்திருக்கும். இது எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு! பாதையில நடந்து பார்க்கிறவன் தலைகீழா நின்னாலும் இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஏனென்றால் அதற்குள் பாதைக்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். தினமும் தோளில் சுத்தியலும் ஸ்பானருமாக ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்து பார்ப்பது அவர் வேலை. விபத்துக்கு முந்தின நாள் அந்த இடத்தைத் தாண்டி நடந்து போய், ‘குறை ஒன்றுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்பது உயிருக்கு ஒரு ஆள் வேண்டுமே. ஊருக்கு இளைத்தவன் கிடைத்துவிட்டான்.

உடனே போட்டோ எடுத்திருக்க வேண்டும். போட்டோ எடுப்பவர் லீவு, கேமரா அலமாரிச் சாவியும் அவரோடு போய்விட்டது. “பரவாயில்ல, திங்கட்கிழமை எடுத்துக்கலாம். முகத்தை மட்டும் தனியா அறுத்து, காயவச்சு, ஜாடியில போட்டுடும்மா” என்று சொல்லிவிட்டு சார் மீட்டிங்குக்குப் போனார். அறுக்கிற மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அறுத்து முடித்ததும் ஸ்பிரிட்டால் கழுவி, ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஈரம் புகாத ஜாடியில் வைக்க வேண்டும். ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை, தூக்கத்தில்கூடச் செய்வேன். அன்றைக்கு ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான். நான் முகத்தை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது.

திங்கட்கிழமை பையைப் பிரித்தபோது அந்த வெள்ளித் திட்டு முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தது.

சார் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், என்னவோ ஒரு வழி பிறந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்:

“லேபுல வச்சுத்தான் துருப்பிடிச்சதுன்னு எழுதினா, யார் வச்சாங்கன்னு கேட்பாங்க. என்னம்மா எழுதட்டும்?”

ஒன்பது வருஷமாக நான் தற்காலிகம். நிரந்தர ஆர்டர் அந்த மாதம் வர வேண்டியது, ஃபைல் டைரக்டர் மேஜையில் இருந்தது. “சார், என் வேலை போயிடும் சார்” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பாதைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

சார் எழுதினார்: ‘முறிவு முகம் துருப்பிடித்த நிலையில் காணப்பட்டது.’ பொய்யில்லை. திங்கட்கிழமை அப்படித்தான் காணப்பட்டது. ஐந்தாவது பத்தியில் ஹைட்ரஜனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதைப் படித்தால் எவனுக்கும் புரியும், பாதைக்காரர் தப்பித்துவிடுவார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு, எழுதினதை எல்லாரும் படிப்பார்கள் என்று.

விசாரணையில் ஐந்தாவது பத்தியை எவரும் படிக்கவில்லை. தண்டவாளம் செய்த ஆலையின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். துரு இருந்தது என்றால் விரிசல் வெளியே திறந்திருந்தது, திறந்திருந்ததை நடந்து பார்க்கிறவன் பார்த்திருக்க வேண்டும். முடிந்தது கதை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று சாயங்காலமே சார் டைரக்டர் அறைக்குப் போனார். ஏதோ ஃபைலைத் தேடுகிற சாக்கில் நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

“சனிக்கிழமை நான் பார்த்தப்போ துரு இல்ல சார். ரிப்போர்ட்டைத் திருத்திடறேன்.”

“கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதானே? இப்ப மாத்தினா, நீங்க கொடுத்த நானூறு ரிப்போர்ட்டையும் கிளறுவாங்க. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பும். சரி, சொல்லுங்க, யார் அதை ஈரத்தோட வச்சது?”

சார் என் பெயரை எடுக்கவே இல்லை.

“அப்ப விடுங்க” என்றார் டைரக்டர்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல பசி எடுத்தது. இரண்டு மாதத்தில் என் ஆர்டர் வந்தது. பாதைக்காரருக்கு இரண்டு வருஷம் ஜெயில். வேலையும் போயிற்று, பென்ஷனும் போயிற்று.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சார் வேலை பார்த்தார். அதை வேலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். எந்தத் துண்டு வந்தாலும் மற்றவர்கள் பைக்குள் கை விடுமுன் அவரே டிரையரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு போல்ட் உடைந்ததற்கு நாற்பது பக்கம் எழுதுவார். மேலே இருப்பவர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். என்னிடம் அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. எடுக்காமலே என்னைக் கொன்றார். சில நாள் வேண்டுமென்றே அவரிடம் சண்டைக்குப் போவேன், அவர் “சரிம்மா, நீ சொல்றதுதான் சரி” என்பார்.

ரிட்டயராகி ஏழாவது வருஷம், போன வருஷம்தான், சார் போன் பண்ணினார். டாக்டர் அவருக்குக் கெடு சொல்லியிருந்தார்.

“பாதைக்காரர் விலாசம் கிடைச்சிருக்கு. போய்ச் சொல்லிடப் போறேன். வர்றியாம்மா?”

வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வர்றேன் சார்” என்றுதான் வந்தது.

சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரே அறை. மகளோடு இருந்தார். மகள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சார் யாரென்று சொன்னதும் பாதைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஒரே நாற்காலியைத் துடைத்து சாருக்குப் போட்டார். கோபம் இல்லை, குறை இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“உங்க ரிப்போர்ட் எங்கிட்ட இருக்கு சார். பொண்ணை விட்டுப் படிக்கச் சொல்லி மனப்பாடமே ஆயிடுச்சு. முறிவு முகம் துருப்பிடித்த நிலையில் காணப்பட்டது. துரு வரணும்னா காத்து புகணும். காத்து புகணும்னா வாய் திறந்திருக்கணும். திறந்திருந்தா என் கண்ணுல பட்டிருக்கணும். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பார்ப்பேன் சார். எப்படியோ கோட்டை விட்டுட்டேன். ஒம்பது பேரு.”

கணக்காகச் சொன்னார். எங்கள் லேபில்கூட அவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

சார் சொன்னார். சனிக்கிழமை பார்த்தது, மின்னியது, வளையம், ஹைட்ரஜன், எல்லாம். “நீங்க கோட்டை விடல. யாராலயும் பார்த்திருக்க முடியாது” என்றார். பாதைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், உடம்பு சரியில்லாதவர் பேசுவதைக் கேட்பதுபோல.

நான் சொன்னேன். “நான்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஈரத்தோட பையில போட்டேன்.” பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அதுதான். அழுதுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அழாதீங்கம்மா. என் மனசு ஆறணும்னு இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க. பெரிய மனசு.”

அவர் நம்பவில்லை. மகள் நம்பினாள். தையலை நிறுத்திவிட்டு எழுந்து, மெஷின் டிராயரிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தாள்.

“இப்ப சொன்னதை எழுதிக் கொடுங்க. ரெண்டு பேரும். அப்பா செத்துப்போறதுக்குள்ள அவர் பேரை நான் கழுவணும்.”

சார் உடனே வாங்கி எழுதினார். எழுத்து கோணல் மாணலாகப் போனது, ஆனாலும் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். சாகப்போகிறவர் சொல்வது மட்டும் எடுபடாது, ஈரத்தோடு வைத்த ஆள் சொன்னால்தான் எடுபடும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பேனாவைப் பிடித்தேன். எனக்கு ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

“வீட்டுல போய் நிதானமா எழுதி அனுப்பறேம்மா” என்றேன்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என்னையே பார்த்தாள். பாதைக்காரர்தான் எனக்காகப் பேசினார்.

“பார்த்தியா? எழுதச் சொன்னா எழுத மாட்டாங்க. நடந்திருந்தாத்தானே எழுத முடியும்? நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதைப் போய்ப் பிடிச்சுக்கிறியே. அந்தப் பேனாவை வாங்கு, அவங்க கிளம்பட்டும்.”

நாலாவது மாதம் சார் போய்விட்டார். மகள் அதற்குப் பிறகும் போன் பண்ணுகிறாள். எனக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. நேற்று மத்தியானமும் அடித்தது. எடுக்கவில்லை.